ஆவியின் நேரம் நாலேகால்

ஹெப்பிள்விக் மாளிகை,
வடக்கு யார்க்‌ஷயர்.
மே 7, 1974

மதிப்பிற்குரிய திருமதி பிக்கர்ஸ் அவர்களுக்கு,

சென்ற மார்ச் ஒன்பதாம் தேதி, மூன்று கூட்டங்களுக்கும் ஒரு வெளிநடப்புக்கும் பிறகு, ஹெப்பிள்விக் மாளிகைப் பாதுகாப்புக் கமிட்டி, கிழக்கு நடைவழியில் தோன்றும் ஆவியை நாலேகால் மணியிலிருந்து மூன்றரை மணிக்கு மாற்றுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்து, பார்வையாளர் பிரசுரத்திலும் அச்சிட்டது. வெளிநடப்புச் செய்தவர் திரும்பி வராததால் அது ஏகமனது.

சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நாலேகாலுக்குத் தேநீர் கொடுக்கிறோம். தேநீருக்குப் பொறுப்பாளரான கர்னலின் மனைவி திருமதி ஆல்டஸ், "ஸ்கோன் ரொட்டி ஆறிப்போனா கல்லு. ஆவி ஆறுமா? அதைக் கொஞ்சம் முன்னாடி வரச் சொல்லுங்க" என்றார்.

இந்நிலையில் தங்கள் அஞ்சலட்டை கிடைத்தது. "பிரசுரத்தில் நேரம் தப்பு. ஆவி வந்தது நாலேகாலுக்கு. எழுதினவரிடம் சொல்லவும்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பழைய நேரம் எதிலும் அச்சானதில்லை, அது வெளியாட்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கமிட்டி வியக்கிறது. ஆவியை முதலில் கண்டதாக விருந்தினர் ஏட்டில் உள்ள 1934-ஆம் ஆண்டுக் குறிப்பில்கூட நேரம் இல்லை. தங்களிடம் ஆதாரம் ஏதும் இருந்தால் அனுப்பிவைக்கக் கோருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வி. ஸ்டாப்ஸ்
வழிகாட்டி


விட்பி,
மே 10

வில்ஃப்,

ஆதாரம் கேட்டிருக்கிறாய். ஆதாரம் நான்தான். உங்கள் ஆவி நான்.

பிக்கர்ஸ் என் கணவரின் பெயர். மீன்பிடிப் படகில் சமையல்காரர், நல்ல மனிதர், போய் ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன் நான் ஹெட்டி ராம்ஷா, ஹெப்பிள்விக்கில் மூன்றாம் வேலைக்காரி. இரண்டாம் பணியாளாக இருந்த உனக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். நீ அங்கேயே இருப்பாய் என்று எனக்குத் தெரியாது. உன் கையெழுத்தின் முதல் எழுத்து இன்னும் காலை அகட்டிக்கொண்டுதான் நிற்கிறது.

இங்கே துறைமுகத்துக்கு மேலே தங்கும் விடுதி நடத்துகிறேன். சைக்கிள் மணி விற்கிற ஒரு ஆள் உங்கள் பிரசுரத்தை மார்மலேட் ஜாம் பாட்டிலுக்கு அடியில் விட்டுப் போனான். அதை எடுத்துப் படித்துத்தான் நான் 1788-இல் இறந்துவிட்டதைத் தெரிந்துகொண்டேன். "காதலில் கைவிடப்பட்ட பெயர் தெரியாத பணிப்பெண், வெட்கத்தால் சுவரை நோக்கித் திரும்பி நின்று, உண்ணாமல் உயிர் நீத்தாள்." எனக்கு நூற்றைம்பது வயதைக் கூட்டிப் பெயரைக் கழித்திருக்கிறீர்கள். உண்ணாமல் என்பது பெரிய பொய். அன்று மதியம் ஆட்டிறைச்சி அடைத்த ரொட்டியை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

'கைவிடப்பட்ட' என்ற வார்த்தையில் மட்டும் என்னால் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். அக்டோபர் பத்தொன்பது, வெள்ளிக்கிழமை. வீட்டார் கீழே தேநீரில் இருந்தார்கள். பட்லர் கார்த் வழக்கம்போல நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். நீ வழக்கம்போல மாடியில் துணியறைக்குள், சீமைச் சீரகம் போட்ட கேக் இரண்டு துண்டோடு எனக்காகக் காத்திருந்தாய். துணியறைக் கதவுக்கு மூன்று எட்டு இருக்கும்போது, குளியலறையிலிருந்து அமெரிக்க விருந்தாளி திருமதி டில்லார்டு வெளியே வந்தார். அந்த நேரத்தில் யார் குளிப்பார்கள்?

விதி உனக்குத் தெரியும். பெரியவர்கள் எதிரே வந்தால் வேலைக்காரி சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். அவர்கள் கடந்து போகும்வரை அவள் அங்கே இல்லை. நான் திரும்பி நின்றேன். அந்த அம்மாவின் ஊரில் இப்படி ஒரு விதி கிடையாது.

"யாரும்மா அது? உடம்பு சரியில்லையா?" என்றார். "ஏம்மா, இங்க திரும்பு. முகத்தக் காட்டு." திரும்பவில்லை. பிறகு அவர் கத்திய கத்தலில் கீழே ஒரு கோப்பை உடைந்தது. மயங்கி விழுந்தார். வீடே மாடிக்கு ஓடி வந்தது. துணியறைக் கதவு மட்டும் அசையவில்லை.

அன்று மாலை, எங்களுக்கெல்லாம் மேலாளான மிஸஸ் பாலிஸ்டர் கேட்டார்: "அந்த நேரத்துல உனக்கு அங்க என்னடி வேலை? யாருக்காக நின்ன?"

"யாருக்காகவும் இல்லம்மா."

வீட்டுச் சீமாட்டி யோசித்தார். விருந்தாளி ஆவியைப் பார்த்ததாக நம்பினார். சந்தோஷமாக நம்பினார், அக்காவுக்குக் கடிதமே எழுதிவிட்டார். நீங்கள் மயங்கி விழுந்தது கரி அள்ளுகிற பெண்ணைப் பார்த்து என்று அவரிடம் சொல்வது மரியாதை இல்லை. அதே சமயம், ஆவி மறுநாள் காலையில் அவர் அறைக்குக் கரிவாளி தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. ஆகவே விடிந்ததும் பால் வண்டியில் என்னை அனுப்பினார்கள். ஒரு வாரத்துக்கு என்று சொன்னார்கள்.

அந்த வாரம் இன்னும் முடியவில்லை.

ஹெட்டி


ஹெப்பிள்விக்
மே 19

ஹெட்டி,

'மதிப்பிற்குரிய' என்று தொடங்கிக் கிழித்தேன். 'அன்புள்ள' என்று தொடங்கி அதையும் கிழித்தேன். கமிட்டியின் காகிதம் என்பதால் மூன்றாவது தடவை உன் பெயரோடு நிறுத்திக்கொண்டேன்.

உன்னைக் கொன்றது நான் அல்ல, கமிட்டியில் உள்ள பாதிரியார். சீமாட்டி காலமான பிறகு வீடு கமிட்டியின் கைக்கு வந்தது. பிரசுரம் அச்சடிக்கும்போது நான் 1934 என்றுதான் சொன்னேன். "அதெல்லாம் பழசே இல்லப்பா வில்ஃப். அந்த வருஷம் வாங்கின கோட்டைத்தான் நான் இப்பவும் போட்டிருக்கேன்" என்றார் பாதிரியார். அவரே 1788 என்று எழுதினார். அவள் எப்படிச் செத்தாள் என்பது விளங்காமல் இருக்கிறது என்று கர்னல் 'உண்ணாமல்' என்பதைச் சேர்த்தார்.

நீ இன்னும் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. இருக்கக்கூடும் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது வேறு.

வீடு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. துணியறைக்குள் போகும் வெந்நீர்க் குழாய் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, இன்னும் அதே இடத்தில் முனகுகிறது. லாவண்டர் பைகளை யாரும் மாற்றவில்லை, வாசனையும் போகவில்லை. முந்தின நாள் செய்தித்தாளை அந்தக் குழாய்மேல் விரித்து இருவரும் கப்பல் விளம்பரங்களைப் படிப்போமே, அந்த இடத்தில் குழாயில் மை ஒட்டியிருக்கிறது. வர்ணம் அடிக்க வந்தவன் சுரண்டப் போனான், வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டதற்கு, "சரித்திரம்" என்றேன்.

சனிக்கிழமை தோறும் முப்பது பேர் வருகிறார்கள். கூடத்தின் சுண்ணாம்பு வேலைப்பாட்டுக் கூரைதான் நாட்டிலேயே மூன்றாவது சிறந்தது. அதைக் கழுத்து வலிக்கும்வரை பார்த்துவிட்டு, "பேய் எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார்கள். நடைவழிக்குக் கூட்டிப் போய் அந்த இடத்தைக் காட்டுகிறேன். அங்கே மட்டும் சுவர்த்தாள் மங்கியிருப்பதாகச் சொல்வேன். மங்கவில்லை. ஆனாலும் முப்பது பேரும் ஆமாம் என்பார்கள்.

நான் சொல்வது எல்லாமே பொய் அல்ல. தொப்பிக்கு வெளியே, பிடரியில் ஒரு சுருள் முடி விழுந்திருக்கும் என்று சொல்கிறேன். அது பிரசுரத்தில் இல்லை.

இந்த விஷயத்தைப் பத்திரிகை எதிலும் சொல்லமாட்டாய் என்று நம்புகிறேன்.

வில்ஃப்


விட்பி,
மே 23

வில்ஃப்,

பிடரியில் சுருள் முடியைப் பார்த்தாய் என்றால் சாவித்துவாரம் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். அதாவது விழித்திருந்திருக்கிறாய். அந்தச் சூட்டில் நீ உள்ளே தூங்கிப்போயிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லி, நாற்பது வருடம் உன்னைக் காப்பாற்றி வைத்திருந்தேன்.

ஒரே ஒரு கேள்வி. எல்லாரும் கீழே போக ஆறு மணிக்கு மேல் ஆகியிருக்கும். அந்த இரண்டு மணி நேரம் உள்ளே என்ன செய்தாய்?

ஹெ.


ஹெப்பிள்விக்
ஜூன் 16

ஹெட்டி,

தலையணை உறைகளை மடித்தேன். முப்பத்திரண்டு. ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தன. பிரித்து மடித்தேன்.

கேக்கைச் சாப்பிடவில்லை. இதைச் சொல்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

வெளியே வந்திருந்தால் இருவருக்கும் வேலை போயிருக்கும், நற்சான்றும் கிடைத்திருக்காது என்று அப்போது சொல்லிக்கொண்டேன். வராததால் உனக்கு மட்டும் போயிற்று. மறுமாதம் என்னை முதல் பணியாளாக ஆக்கினார்கள். இதை நீ வேறு யாரிடமிருந்தாவது கேட்பதைவிட என்னிடமிருந்து கேட்பது நல்லது.

டிசம்பரில் உன் அம்மா வீட்டுக்குப் போனேன். நீ விட்பியில் மீன் அறுக்கும் கொட்டகைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். "யாரு கேட்டான்னு சொல்ல?" என்றார். பெயரைச் சொல்லவில்லை. ரயில் நிலையம்வரை போனேன். எனக்குக் கிடைத்தது அரைநாள் விடுப்பு. ஒன்பது மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். அரைநாளில் விட்பிக்குப் போய்த் திரும்ப முடியாது.

இப்போது உள்ள நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். மாளிகையைத் திறந்து வைத்திருப்பதா, பூட்டுவதா என்று இலையுதிர்காலத்தில் மாவட்ட நிர்வாகத்தார் முடிவு செய்வார்கள். கூரைக்காக மட்டும் வருகிறவர்களைக் கணக்கெடுத்தோம். ஏழு பேர், அதில் இரண்டு பேர் கொத்தனார்கள். ஆவி போனால் வீடு போகும். வீடு போனால் குதிரை லாயத்துக்கு மேலே நான் இருக்கிற அறையும் போகும். நாற்பத்திரண்டு வருடமாக எனக்கு வேறு முகவரி கிடையாது. ஆகவே நீ எதைக் கேட்கப்போகிறாயோ, அதைச் செய்ய முடியாத நிலையில் இருக்கிறேன்.

வில்ஃப்


விட்பி,
ஆகஸ்ட் 25

வில்ஃப்,

கோடை முழுக்க அறைகள் நிரம்பி வழிந்ததால் எழுத முடியவில்லை. அது பாதி உண்மை.

அரைநாளில் போய்த் திரும்ப முடியாது, சரி. திரும்பாமல் இருந்திருக்கலாம்.

நான் என்ன கேட்கப்போகிறேன் என்று நீயே முடிவு செய்து, அதற்கு நீயே மறுப்பும் எழுதிவிட்டாய். வேலையில் இருந்தபோதும் இப்படித்தான். மணி அடிக்கும் முன்பே "வரேன்" என்பாய். நான் கேட்பது இவ்வளவுதான்: அந்த முப்பது பேர் முன்னால் துணியறைக் கதவைத் திற. உள்ளே நின்றது நான் என்று சொல். ஒரே வாக்கியம். என் பெயரை மறக்காமல் சேர்.

யாரிடமாவது அழுது காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. பிக்கர்ஸோடு இருபத்தேழு வருடம் சந்தோஷமாக இருந்தேன். அவருக்கு ஒளியத் தெரியாது, படகில் அதற்கு இடமும் இல்லை. ஆனால் இப்போதும் ஒரு குறுகலான வழியில் யாராவது எதிரே வந்தால் என் தோள் தானாகச் சுவர்ப் பக்கம் திரும்புகிறது. தபால் அலுவலகத்தில்கூட. அறுபது வயது ஆகப்போகிறது. ஒருமுறையாவது, அந்தச் சுவரிலிருந்து யாராவது என்னைப் பெயர் சொல்லித் திருப்பிவிட வேண்டும்.

சூடான மை வாசனை எனக்கும் நினைவிருக்கிறது. கிளாஸ்கோவிலிருந்து மாண்ட்ரியாலுக்கு, வியாழக்கிழமை தோறும். நீ கையைத் துடைக்காமல் கேக்கை எடுப்பாய், என் துண்டில் எப்போதும் கப்பல் பெயர் பாதி பதிந்திருக்கும்.

செப்டம்பர் 14, சனிக்கிழமை வருகிறேன். சீட்டு வாங்கிக்கொண்டு முன்வாசல் வழியாக வருவேன். அந்த வாசல் வழியாக நான் இதுவரை நுழைந்ததில்லை.

ஹெட்டி


ஹெப்பிள்விக்
செப்டம்பர் 10

ஹெட்டி,

சுற்றுலா இரண்டே முக்காலுக்குத் தொடங்கும். அன்று மாவட்டத்திலிருந்து ஒருவர் பார்வையிட வருகிறார் என்று இன்றுதான் தெரிந்தது. வேறு சனிக்கிழமை வந்தால் நல்லது. எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

படிகளில் கம்பளம் மாற்றியிருக்கிறோம், வழுக்கும். கவனமாக வா.

வி.


விட்பி,
செப்டம்பர் 16

வில்ஃப்,

முதலில் புகார்கள்.

ஒன்று, வாசலில் சீட்டைக் கிழித்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. சீட்டைத் தப்பான இடத்தில் கிழித்தாய், அதனால் பார்த்தாய் என்று எடுத்துக்கொண்டேன். உனக்குத் தலை முழுக்க வெளுத்துவிட்டது. காது மட்டும் அப்படியே இருக்கிறது.

இரண்டு, கூரை. வில்ஃப், ஒரு கூரையைப் பற்றி ஒரு மனிதன் எவ்வளவு பேச முடியும்? திராட்சைக் கொத்தில் எத்தனை பழம் என்று நீ எண்ணத் தொடங்கியபோது, என் பக்கத்தில் நின்ற லீட்ஸ்காரி தன் கணவனிடம், "இந்த ஆளு கூரையிலயே குடியிருக்கானா?" என்றாள். "சும்மா இரு. பேய் வர்றவரைக்கும் நேரத்த ஓட்டுறான்" என்றார் அவர். திருமதி ஆல்டஸ் என்று நினைக்கிறேன், தொப்பி போட்ட அம்மா, மூன்று தடவை வந்து, "மிஸ்டர் ஸ்டாப்ஸ், ஆவிக்கு நேரமாச்சு!" என்றார். நீ நான்காவது மூலையைப் பற்றி ஆரம்பித்தாய். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. அதன் பிறகு நான் பொறுமையாகக் கேட்டேன். நல்ல கூரைதான்.

நடைவழிக்கு வந்தபோது சரியாக நாலேகால். நான் போய் அங்கே நிற்க வேண்டும் என்று திட்டமிடவில்லை. குளியலறைப் பக்கமிருந்து மாவட்டத்து ஆள் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார், என் தோள் தானாகத் திரும்பிவிட்டது. சுவர்த்தாள் மங்கவே இல்லை. பின்னால் முப்பது பேரும் மூச்சுவிடுவதை நிறுத்தியது கேட்டது.

துணியறைக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அது இன்னும் அதே மாதிரிதான் இருமுகிறது.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு மறுக்க முடியாது: "அவ பேரு ஹெட்டி ராம்ஷா. அவ சாகல. அவ எனக்காகத்தான் வந்தா. நான் இதோ, இதுக்குள்ள நின்னுட்டு வெளியே வரல." பிறகு, "ஹெட்டி, திரும்பு" என்றாய்.

திரும்பினேன்.

மூன்றாவது புகார். அந்த லீட்ஸ்காரர், "அப்போ இவரும் பேயா?" என்று கேட்டதும் எல்லாரும் கை தட்டினார்களே, நீ ஏன் தலைகுனிந்தாய்? அவர்கள் நாடகம் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகிறார்கள். தலையணை உறைகள் நாற்பது மடித்ததாகப் பிறகு அவர்களிடம் சொன்னாய். எனக்கு எழுதியது முப்பத்திரண்டு. எது சரி?

ஐந்து மணிப் பேருந்து போனால் அடுத்தது திங்கட்கிழமை. அதனால்தான் சொல்லாமல் போனேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஹெட்டி


ஹெப்பிள்விக்
செப்டம்பர் 29

அன்புள்ள ஹெட்டி,

முப்பத்திரண்டு. நாற்பது என்றது வருடம். பதற்றத்தில் கலந்துவிட்டது.

கமிட்டி நேற்றுக் கூடியது. நான் சொன்னதைப் பற்றி யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மாவட்டத்து ஆள் தன் அறிக்கையில், "நடிப்புத் தரமானது, குறிப்பாகப் பழுப்புக் கோட்டுப் பெண்மணி" என்று எழுதி, மாளிகையைத் திறந்து வைக்கச் சிபாரிசு செய்திருக்கிறார். புதிய பிரசுரத்தில் இரண்டு ஆவிகள். சுவரைப் பார்த்து நிற்பவள் உன் பெயரோடு இருப்பாள். துணியறைக்குள் ஒரு பணியாள். இருவருக்கும் 1788. அது நடந்தது 1934-இல், நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். "அத வெளியில சொல்லாம இருந்தா எல்லாருக்கும் நல்லது வில்ஃப்" என்றார் பாதிரியார்.

ஆட்சேபம் தேநீர் பற்றியது. முப்பது பேருக்கான ஸ்கோன் நாற்பத்தைந்து நிமிடம் காத்திருந்தது. திருமதி ஆல்டஸ் அவற்றில் ஒன்றைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து மேசைமேல் தட்டிக் காட்டினார். சத்தம் கேட்டது. வாக்கெடுப்பில் ஐந்துக்கு இரண்டு என்று என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அக்டோபர் முடிவுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும்.

வருத்தப்படுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. நேற்று மாலை துணியறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. குழாய் முனகியது. திறந்து வைத்தால் உள்ளே அவ்வளவு சூடு இல்லை.

இதை எழுதுவது எதையும் கேட்பதற்காக அல்ல.

வில்ஃப்


விட்பி,
அக்டோபர் 3

வில்ஃப்,

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. குளிர்காலத்தில் பின்பக்கத்து அறை காலியாக இருக்கும், அவ்வளவுதான். கீழே சமையலறை, வெந்நீர்க் குழாய் அந்த வழியாகத்தான் போகிறது. வாடகை மற்றவர்களுக்கு உள்ளதுதான். குளியல் செவ்வாய், வெள்ளி. காலையில் புகைபோட்ட மீன், பிடிக்காவிட்டால் முட்டை கிடையாது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. போடவும் மாட்டேன்.

அரைநாளில் திரும்ப முடியாது என்பது நினைவிருக்கட்டும்.

ஹெட்டி


அஞ்சலட்டை
ஹெப்பிள்விக்
அக்டோபர் 24

ஹெட்டி,

சனிக்கிழமை வருகிறேன், ரயில் மூன்று பத்துக்கு. ஒரு பெட்டிதான். கேக் கொண்டுவருகிறேன், சீமைச் சீரகம் போட்டது.

கமிட்டியின் கடைசித் தீர்மானங்களை உனக்குத் தெரிவிக்கச் சொன்னார்கள். ஆவி நாலேகாலுக்கே திரும்பிவிட்டது. தேநீர் இனி மூன்றரைக்கு. சனிக்கிழமைகளில் சுவரைப் பார்த்து நிற்பதற்கு ஊரிலிருந்து ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

வில்ஃப்